இந்தத் தண்ணிய யார் ஊத்துனாங்க?

கோயமுத்தூர்க்காரர்கள் ஊட்டிக்குப் போய்வந்ததைப் பயணம் என்று சொல்லிக்கொள்வதில்லை. மேட்டுப்பாளையம், குன்னூர் வழியாக 86 கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். ஆனால் கோவை நிற்பது கடல் மட்டத்திலிருந்து 411 மீட்டர் உயரத்தில். ஊட்டி 2,240 மீட்டரில். நடுவே கல்லாறு பாக்குத் தோப்பு, மூங்கில் காடு, தேயிலை, தைல மரம் என்று ஒன்று மாற்றி ஒன்று வருகிறது. ஐந்து வயது மகளோடு போனபோதுதான் இது எத்தனை நெடுந்தூரம் என்று எனக்கே உறைத்தது.

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்கு மலை ரயில். பிளாட்பாரத்தில் நடந்துகொண்டே பெட்டிகளை எண்ணியவள் கடைசியில் நின்றுவிட்டாள்.

“ஏனுங்கப்பா, இஞ்சின் பின்னாடி நிக்குது? வண்டி ரிவர்ஸ்லயா போகுது?”

நல்ல கேள்வி. “இழுத்துட்டுப் போறப்ப நடுவுல கொக்கி அத்துக்கிட்டா, பெட்டியெல்லாம் கீழ உருண்டுரும் அம்மிணி. பின்னாடி இருந்து தள்ளுனா உருள முடியாதல்ல?” என்றேன். அவளுக்கு அது போதவில்லை. பெட்டியின் முகப்பில் கொடியோடு நின்ற பிரேக்ஸ்மேன் எதற்கு என்று அடுத்த கேள்வி. ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாகக் கைபிரேக் உண்டு, அதைப் பிடிக்கத்தான் அவர் என்றதும் அவருக்கு ஒரு சல்யூட் வைத்தாள். அவரும் திருப்பி வைத்தார்.

கல்லாறு தாண்டியதும் வண்டியின் சத்தம் மாறுகிறது. தண்டவாளங்களுக்கு நடுவே பதித்திருக்கும் பல்சட்டத்தில் இஞ்சினின் பற்சக்கரம் கடித்துக் கடித்து ஏறுகிறது. சில இடங்களில் 12 அடி போனால் ஓர் அடி ஏற்றம். வெறும் சக்கரம் என்றால் வழுக்கிவிடும். குன்னூர் வரை 1899-லும் ஊட்டி வரை 1908-லும் போட்ட பாதை இது. 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. 46 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். பெரியவர்களுக்குக் கொட்டாவி வரலாம். பிள்ளைகளுக்கோ 16 குகைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இருட்டு விழுந்தவுடன் வண்டி முழுக்க ‘ஓ’வென்று கத்துகிறது, யாருடைய குழந்தை, யாருடைய தாத்தா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஹில்குரோவ் நிலையத்தில் இஞ்சின் தண்ணீர் குடிக்க நிற்கும். அங்கே குரங்குகள் காத்திருக்கும். முறுக்குப் பொட்டலத்தைப் பைக்குள் வைத்துவிடுவது நல்லது.

ஊட்டி ஏரியில் துடுப்புப் படகு எடுத்தோம். படகு இல்லத்தைத் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்துகிறது. ஆரஞ்சு நிற உயிர்காப்புச் சட்டைக்குள் தலை மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தவள், தண்ணீரில் விரலை நனைத்துவிட்டுக் கேட்டாள்: “இந்தத் தண்ணிய யார் ஊத்துனாங்க?”

வேறு ஏரியாக இருந்தால் மழை என்று சொல்லி முடித்திருக்கலாம். இந்த ஏரிக்கு மட்டும் ஒருவர் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோயமுத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் இந்த மலைக்கு ஏறி வந்தார். 1822-ல் கட்டத் தொடங்கிய அவருடைய கல் வீடு இன்றும் அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் நிற்கிறது. மலையிலிருந்து இறங்கிய ஓடைகளைக் கரை கட்டி மறித்து ஏரியாக்கியதும் அவர்தான். 1820-களின் நடுவில் வேலை முடிந்தது. பிற்பாடு அது படகு விடுகிற இடமானது. அன்று ஏரி இதைவிடப் பெரிது. குதிரைப் பந்தய மைதானமும் பேருந்து நிலையமும் ஏரி இருந்த இடத்தில் வந்தவை. மிச்சம் இருப்பது சுமார் 65 ஏக்கர்.

“நம்மூரு கலெக்டருங்களா?” என்றாள் நம்ப முடியாமல். அதற்குப் பிறகு துடுப்புப் போட்டவரிடம், “இது எங்கூரு ஏரிங்க” என்று சொல்லத் தொடங்கிவிட்டாள். இந்த மலையில் அதற்கு வெகு காலம் முன்பிருந்தே தோடரும் கோத்தரும் படுகரும் வாழ்கிறார்கள், ஊர் அவர்களுடையது என்று திருத்திவைத்தேன்.

மறுநாள் தாவரவியல் பூங்கா. 1848-ல் தொடங்கி, மெக்ஐவர் என்ற தோட்டக்கலைஞர் உருவாக்கிய 55 ஏக்கர். அங்கே இரண்டு கோடி ஆண்டுப் பழமையான கல்மரம் ஒன்று கிடக்கிறது. நான் வாய்பிளந்து நின்றேன். மகள் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புல் சரிவில் உருளப் போய்விட்டாள். அரை நாள் அங்கேயே கழிந்தது. தொட்டபெட்டா சிகரம், ரோஜாப் பூங்கா எல்லாம் பட்டியலில் இருந்தன, அடித்துவிட்டோம். சாயங்காலம் பாலில் வர்க்கியை நனைத்துத் தின்றபடி அவள் சொன்ன கதையில் இஞ்சினும் பிரேக்ஸ்மேனும் குரங்கும்தான் இருந்தார்கள்.

குழந்தையோடு போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ரயில் டிக்கெட்டை வெகு முன்னாலேயே பதிவு செய்துவிடுங்கள். சொந்த வண்டி என்றால் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். கோடை சீசனில் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழிப் பாதையாக்குவார்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். வளைவுகளுக்கு முன் வயிறு நிறையச் சாப்பாடு கொடுக்காதீர்கள். முக்கியமாக, ஒரு நாளைக்கு இரண்டு இடத்துக்கு மேல் வேண்டாம். எட்டு இடத்தைக் காட்டி இழுத்துக்கொண்டு ஓடினால் பிள்ளைக்குக் கேட்க நேரமிருக்காது. அது கேட்காவிட்டால், பலமுறை போன ஊரில் நமக்கும் புதிதாகத் தெரிய ஒன்றும் இருக்காது.