கோவில்பதாகை: ஏரிக்கரை ஊரும் அரசு பஸ்ஸும்

பதாகை என்றால் கொடி. கோயிலையும் கொடியையும் பெயரிலேயே வைத்திருக்கும் ஊர் கோவில்பதாகை. ஆவடியிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம் போனால் வந்துவிடும். சுந்தரராஜப் பெருமாள் கோயிலும் பெரிய ஏரியும் ஊரின் அடையாளங்கள். நல்ல மழை பெய்தால் ஏரி நிரம்பி வழியும்; தாழ்வான தெருக்களில் இருப்பவர்களுக்கு அப்போது தூக்கம் போய்விடும்.

ஒரு காலத்தில் வயல் சூழ்ந்த கிராமம். இன்று ஆவடி மாநகராட்சியின் ஒரு பகுதி. மனை விலை சென்னைக்குள் எட்டாதவர்கள் ஏரிப் பக்கம் வந்து வீடு கட்டினார்கள். வேலையும் கல்லூரியும் அம்பத்தூரிலோ சென்னையிலோ இருக்கும். முதலில் ஆவடி ரயில் நிலையத்தைப் பிடிக்க வேண்டும். அதற்கு மாநகர பஸ் அல்லது ஷேர் ஆட்டோ. ஷேர் ஆட்டோ ஆள் சேர்ந்தால்தான் கிளம்பும், காசும் கூட. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண அரசு பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது மாதச் சம்பளத்தில் மிச்சமாகும் பணம்.

அதனால்தான் "பஸ்ஸைத் தனியாருக்குக் கொடுக்கப் போகிறார்கள்" என்ற பேச்சு வந்தபோது, பணிமனைக்கு வெளியே இருப்பவர்களும் காது கொடுத்தார்கள். 2023 மார்ச்சில் உலக வங்கி உதவித் திட்டத்தின் கீழ் சென்னையில் 1,000 பஸ்களை ஒப்பந்த முறையில் ஓட்டும் யோசனை வெளியானது. பஸ்ஸும் டிரைவரும் பராமரிப்பும் நிறுவனத்துடையவை. வழித்தடமும் கட்டணமும் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் கையில். ஓடிய கிலோமீட்டருக்கு நிறுவனத்துக்குக் காசு.

இது தனியார்மயம் இல்லை என்றது அரசு. ஏற்கவில்லை தொழிற்சங்கங்கள். வாயிற்கூட்டம், ஆர்ப்பாட்டம், துண்டறிக்கை என்று எதிர்ப்பு தொடர்ந்தது. அந்த ஆண்டு மே 29 மாலை, வீடு திரும்பும் நேரத்தில், ஒப்பந்த டிரைவர்களை நியமிப்பதற்கு எதிராகத் தொழிலாளர்கள் திடீரென்று பஸ்களை நிறுத்தினார்கள். தவித்தவர்கள் பயணிகள்தான். பேச்சுவார்த்தைக்குப் பிறகு பஸ்கள் மறுபடி ஓடின.

2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடியிலிருந்து 120 மின்சார பஸ்கள் இந்த ஒப்பந்த முறையில் கிளம்பின. புகை இல்லை, தாழ்தளம், ஏறுவது சுலபம். பயணிகளுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் சங்கங்களின் கேள்வி பஸ்ஸின் அழகைப் பற்றியது அல்ல. நிரந்தர டிரைவர் வேலை என்னவாகும்? கூட்டம் குறைந்த கடைசி வழித்தடங்களுக்கு நாளை யார் பொறுப்பு? கோவில்பதாகை போன்ற ஓரத்து ஊர்களுக்குத்தான் இந்த இரண்டாவது கேள்வி அதிகம் சுடும்.

ஆவடிக்கு இந்த விவாதம் புதிதல்ல. 1955 ஜனவரியில் இங்கே கூடிய காங்கிரஸ் மாநாடுதான் 'சோஷலிச பாணி சமுதாயம்' என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. பிறகு டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. அது அரசுத் துறையிலிருந்து 2021 அக்டோபர் 1-ல் அரசு நிறுவனமாக மாற்றப்பட்டபோது ஊழியர் சங்கங்கள் எதிர்த்தன. உரிமை இன்றும் அரசிடமே இருக்கிறது. ஆனாலும் 'அடுத்து என்ன?' என்ற கவலை பல குடும்பங்களில் உண்டு.

சென்னையில் அரசு பஸ் 1947-லேயே ஓடத் தொடங்கியது. 1972 ஜனவரி 1-ல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. லாபம் தராத ஊருக்கும் பஸ் போக வேண்டும் என்பது அன்றிலிருந்து வந்த பழக்கம்.

கோவில்பதாகைக்குப் போகிறவர்கள் பெருமாளைச் சேவித்துவிட்டு, ஏரிக்கரைக் காற்றையும் வாங்கலாம். போக வர அரசு பஸ்ஸிலேயே ஏறிப் பாருங்கள். பஸ்ஸின் நிறமும் முதலாளியும் மாறலாம். ராத்திரி கடைசி பஸ் வருமா என்பதுதான் நிறுத்தத்தில் நிற்பவர்களின் கேள்வி.