கலங்கிய நீரில் ஒரு காட்சி

இருளில் விளக்கேற்றினால் பொருள் தெரியும் என்பது மனிதனின் நெடுநாளைய அனுபவம். கலங்கிய நீரோ இவ்வனுபவத்தைப் பொய்யாக்கி விடுகின்றது. அங்கு விளக்கின் வலிமையைக் கூட்டக் கூட்டப் பார்வை குன்றுகின்றது. நீரில் மிதக்கும் மண்துகள்களும் நுண்ணுயிர்களும் ஒளியைச் சிதறடித்துப் பார்ப்பவன் கண்ணுக்கே திருப்பி அனுப்புகின்றன. மூடுபனியில் முன்விளக்கைப் பிரகாசமாக எரியவிட்ட சாரதிக்கு வீதி மறைந்து வெண்திரை மட்டுமே தோன்றுவதும் இதனாலேயே.

இத்திரையை விலக்க உதவியது இலேசர். 1960 ஆம் ஆண்டு தியோடர் மைமன் மாணிக்கக் கல்லைக் கொண்டு இயக்கிய முதல் இலேசர் செந்நிறக் கதிரையே தந்தது. செந்நிறத்தை நீர் விரைவில் அகத்துறிஞ்சி விடும். நீலமும் பச்சையுமே கடலில் அதிக தூரம் செல்லவல்லன. ஆகவே கடலை ஆராய்ந்தோர் அந்நிறக் கதிர்களை நாடினர். அவற்றைக் கொண்டு பார்க்கும் முறைகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கன. ஒன்றிலே, மிகக் குறுகிய ஒளித்துடிப்பொன்று அனுப்பப்படும். 10 மீற்றர் தொலைவிலுள்ள பொருளைத் தொட்டு அது மீள ஏறத்தாழ 90 நனோசெக்கன் செல்லும். ஒரு செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கே நனோசெக்கன். அதுவரை கமரா கண்மூடிக் காத்திருக்கும். இடையிலுள்ள துகள்கள் திருப்பும் ஒளி முன்னரே வந்து வீணாகிப் போக, பொருளின் ஒளி வரும் கணத்தில் மட்டும் அது கண் திறக்கும். மற்றையதிலே, மெல்லிய கதிரொன்று கடலடியைப் புள்ளி புள்ளியாக வருடிச் செல்ல, அப்புள்ளியை மட்டுமே நோக்கும் உணரி அதனைப் பின்தொடரும். இரு முறைகளிலும் வேண்டாத ஒளியை மறுப்பதே பார்வையாகின்றது.

1996 யூலை 17 ஆம் திகதி நியூயோர்க்கிலிருந்து பாரிஸ் நோக்கிப் புறப்பட்ட போயிங் 747 விமானமொன்று லோங் ஐலண்ட் கரைக்கு அப்பால் வெடித்துக் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 230 பேரும் மாண்டனர். அவ்விடத்தில் கடலின் ஆழம் ஏறத்தாழ 36 மீற்றர். தரையிலாயின் அரை நிமிடத்தில் நடந்து கடக்கும் தூரம். கரையிற் காத்திருந்த உறவினருக்கோ அது கடத்தற்கரிய தொலைவாயிற்று. தேடுதலில் ஒலியலைக் கருவிகளோடு, கடலடியை வருடும் இலேசர்க் கருவியும் ஈடுபடுத்தப்பட்டது. கீழே ஏதோ கிடக்கின்றது என ஒலி உணர்த்தும். அது இன்னதெனத் தெளிவுறக் காட்ட ஒளி வேண்டும். கருவிகள் வழிகாட்டச் சுழியோடிகள் இறங்கினர். பல மாதங்கள் சென்றனவாயினும், ஈற்றில் 230 பேரின் எச்சங்களும் அடையாளங் காணப்பட்டன.

மாண்டவரை எந்தக் கதிரும் மீட்டுத் தராது. ஆயினும், அவர் எங்கே என்ற வினாவுக்கு விடை கிடையாத துயரம் மரணத்தினும் கொடிது. அத்துயரைச் சிறிதேனும் தணிக்கும்போதே விஞ்ஞானம் மனிதனுக்கு உறவாகின்றது. அதற்கும் எல்லையுண்டு. சேறு மிகச் செறிந்த நீரில் இலேசரும் தோற்றுவிடும். அங்கே துழாவிச் செல்லும் சுழியோடியின் கையே கண்ணாகும்.