நூலகம் செல்வது ஹராமா?



“ஹஜ்ரத், நூலகத்துக்குப் போவது ஹராமா?”

அஸர் தொழுகைக்குப் பின் நடைபெறும் மக்தபில், பாடம் ஒப்பிக்க வந்து அமர்ந்த மாணவி ஒருத்தி இவ்வாறு கேட்டாள். ஏழாம் வகுப்பில் பயில்பவள். குர்ஆனை ஒருமுறை ஓதி முடித்துவிட்டு, இப்போது ஜுஸ்உ அம்மாவை மனனம் செய்து வருகிறாள். மதுரை புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டதிலிருந்து எங்கள் பிள்ளைகளுக்கு வேறு பேச்சே இல்லை. சென்று வந்த பிள்ளைகள் கதை கதையாகக் கூற, செல்லாத பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். இவள் இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவள்.

நான் சிரித்துக்கொண்டே, “அப்படி யாரம்மா சொன்னது?” என்றேன்.

“அத்தாதான். நீங்கள் பயானில் சொன்னீர்களாம்.”

சிரிப்பு அடங்கிவிட்டது. அடுத்த பிள்ளையை அழைத்தேன்.

அவளுடைய அத்தா பொய் சொல்பவர் அல்லர். மீன் வியாபாரம் செய்பவர். விடியற்காலையில் சந்தைக்குச் செல்ல வேண்டியிருந்தும் இஷாவுக்குப் பின் பயான் இருந்தால் முன்வரிசையில் அமர்ந்து கேட்பார். அவ்வாறு அவர் கேட்ட ஒரு பயானை நானும் நினைவுகூர்ந்தேன். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு முன், நேரத்தை வீணாக்குவது பற்றிப் பேசினேன். லுக்மான் அத்தியாயத்தின் ஆறாம் வசனத்தை ஓதி, வீண் பேச்சை விலைக்கு வாங்குவோரைப் பற்றிய எச்சரிக்கையை எடுத்துக்காட்டினேன். கைப்பேசியில் தொடங்கிய பேச்சு, கேட்போர் தலையசைத்த உற்சாகத்தில் கதைப் புத்தகங்களுக்குத் தாவியது. அங்கிருந்து நூலகங்களுக்குச் சென்றது. பெண் பிள்ளைகளை அத்தகைய இடங்களுக்கு அனுப்பாதீர்கள் என்று முடித்தேன். ‘ஹராம்’ என்ற சொல்லை நான் பயன்படுத்தவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரு வசனத்தை ஓதிய வாயால் ‘அனுப்பாதீர்கள்’ என்று கூறினால், கேட்பவர் வேறு எப்படிப் புரிந்துகொள்வார்?

அவ்வசனத்தின் விளக்கத்தில் விரிவுரையாளர்கள் நள்ரு இப்னு ஹாரிஸ் என்பவனைக் குறிப்பிடுவார்கள். பாரசீக மன்னர்களின் கதைகளை வாங்கி வந்து, குர்ஆனைக் கேட்க விடாமல் மக்களைத் திசைதிருப்ப அவற்றைக் கூறியவன் அவன். வசனத்திலேயே அந்த நோக்கம் நிபந்தனையாக உள்ளது. அல்லாஹ்வின் பாதையிலிருந்து மக்களை வழிகெடுப்பதற்காக வாங்குவோரையே அது கண்டிக்கிறது. பட்டயப் படிப்பில் இதை நான் எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறேன். பயானில் மட்டும் அந்த நிபந்தனையை விட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த பயானைச் செய்த நாளில், நான் ஒரு பொது நூலகத்துக்குள் நுழைந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அரபுக் கல்லூரி விடுதியில் இருந்த காலத்தில் தலையணைக்கு அடியில் ஒரு தமிழ் நாவலை மறைத்து வைத்திருந்தேன். உஸ்தாத் ஒருவர் கண்டெடுத்துப் பறிமுதல் செய்தார். அன்று அழுதேன். பின்னர் அவர் செய்தது சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வளர்ந்தேன். அந்த நாவலின் முடிவு எனக்கு இன்றுவரை தெரியாது.

காலையில் பஜ்ருக்குப் பின் ஒரு வகுப்பு, மாலையில் அஸருக்குப் பின் ஒரு வகுப்பு. இடையில் எனக்கு நேரம் உண்டு. முஹர்ரம் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், யாரிடமும் கூறாமல் கோரிப்பாளையத்திலிருந்து பேருந்து ஏறினேன். (வெள்ளிக்கிழமைதான் எங்களுக்கு விடுமுறை நாள். கிளை நூலகங்களுக்கும் அன்றே விடுமுறை. மதரஸா ஆசிரியர்களுக்கும் நூலகங்களுக்கும் இடையே உள்ள தூரத்துக்கு இதுவும் ஒரு காரணமோ என்னவோ!)

தரைத்தளமும் அதன்மேல் ஆறு தளங்களுமாக, சுமார் 2 லட்சத்து 13 ஆயிரம் சதுர அடியில் எழுந்து நிற்கும் கட்டடம். வாயிலில் சிறிது தயங்கினேன். தொப்பியும் நீண்ட ஜிப்பாவும் அணிந்த ஒருவரை உள்ளே எப்படிப் பார்ப்பார்களோ என்ற கூச்சம். ஒருவரும் பார்க்கவில்லை. அவரவர் கண்கள் அவரவர் புத்தகத்தில் இருந்தன. அந்த அலட்சியம் எனக்கு மிகவும் ஆறுதலாக இருந்தது.

குழந்தைகளுக்கான தளத்தில் சிறுவர்கள் தரையில் அமர்ந்தும் சாய்ந்தும் படித்துக்கொண்டிருந்தனர். மக்தபில் இவ்வாறு சாய்ந்தால் நான் அதட்டுவேன். புர்கா அணிந்த தாயொருத்தி தன் மகனுக்கு ஒரு படப் புத்தகத்தை எழுத்துக் கூட்டி வாசித்துக்காட்டினாள். அவளே தட்டுத்தடுமாறித்தான் வாசித்தாள். மேல் தளமொன்றில் முக்காடு அணிந்த இளம்பெண்கள் மூவர் போட்டித் தேர்வு நூல்களில் மூழ்கியிருந்தனர். நான் பயானில் அச்சுறுத்திய இடம் இதுதானா என்று எண்ணிக்கொண்டேன். எல்லா நூலும் நன்னூல் என்று நான் கூற வரவில்லை. என் மாணவர்கள் கையில் நான் கொடுக்க விரும்பாத நூல்களும் அடுக்குகளில் இருந்தன. ஆனால் அவற்றைக் காரணம் காட்டி வாயிலையே அடைப்பது, கெட்டுப்போன மீன் விற்கப்படுகிறது என்பதற்காகச் சந்தையையே மூடுவது போன்றது.

சீறாப்புராணத்தைக் கையில் எடுத்து ஒரு மணி நேரம் படித்தேன். உமறுப்புலவர் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என மூன்று காண்டங்களில் 5,027 பாடல்களால் அண்ணலாரின் வரலாற்றைப் பாடியிருக்கிறார் என்பதைப் பயான்களில் பெருமையாகக் கூறியதுண்டு. அந்த 5,027 பாடல்களில் நான் முறையாகப் படித்தவை ஐம்பதுகூட இரா. பாக்தாதின் பைத்துல் ஹிக்மாவைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். நம் ஊர் நூலகத்துக்கு வழி தெரியாது.

தரைத்தளத்தில் பார்வையற்றோருக்கான பகுதி உள்ளது. என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்த இடம் அதுவே. இளைஞர் ஒருவர் பிரெயில் நூலொன்றின் மீது விரல்களை நகர்த்திக்கொண்டிருந்தார். அருகில் சென்று ஸலாம் கூறினேன். பதில் ஸலாம் வந்தது. ஆறு புள்ளிகளைக் கொண்டே எல்லா எழுத்துகளும் அமைகின்றன என்று பொறுமையாக விளக்கினார். பிரெயிலில் குர்ஆன் உண்டு என்பதை அறிவேன். ஆனால் அரபு மொழியைப் பிரெயிலில் இடமிருந்து வலமாகவே வாசிக்க வேண்டும் என்பதை அவர் கூறித்தான் அறிந்தேன். இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளிடம் “வலப்பக்கத்திலிருந்து தொடங்கு” என்று கூறி வரும் எனக்கு அது விந்தையாக இருந்தது. “ஹஜ்ரத்துக்கும் கற்றுத் தரட்டுமா?” என்று கேட்டுச் சிரித்தார். என் ஆள்காட்டி விரலைப் பிடித்து ஒரு வரியின் மீது வைத்தார். சொரசொரப்பைத் தவிர வேறொன்றையும் என்னால் உணர முடியவில்லை. அந்த வரியின் முன் எழுதப்படிக்கத் தெரியாதவன் நான்தான்.

அப்போதுதான் ‘அபஸ’ அத்தியாயம் நினைவுக்கு வந்தது. குறைஷித் தலைவர்களிடம் உரையாடிக்கொண்டிருந்த நபி (ஸல்) அவர்களிடம், பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டி வந்தார்கள். அந்நேரத்தில் முகம் சுளித்ததற்காக அல்லாஹ் தன் தூதரையே திருத்தி வசனங்களை இறக்கினான். அதன் பின்னர் நபி (ஸல்) அவர்கள் அத்தோழரைப் பெரிதும் மதித்தார்கள். தாம் வெளியூர் செல்லும்போது மதீனாவின் பொறுப்பையும் அவரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். ஜுஸ்உ அம்மாவில் இந்த அத்தியாயத்தை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு மனனம் செய்விக்கிறேன். கற்க விரும்பி வந்தவரிடமிருந்து முகம் திருப்பலாகாது என்று பொருளும் கூறுகிறேன். அந்த மாணவி கேள்வி கேட்ட மாலையில் நான் செய்தது என்ன? அடுத்த பிள்ளையை அழைத்தேன்.

லுஹர் நேரம் நெருங்கியது. இளைஞரிடம் விடைபெற்று வெளியேறினேன்.

வீட்டுக்கு வந்து பழைய சொத்து வரி ரசீதை எடுத்துப் பார்த்தேன். 1948-ஆம் ஆண்டு பொது நூலகச் சட்டம் வந்த காலந்தொட்டு நம் மாநிலத்தில் சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. இப்போது ரூபாய்க்குப் பத்துப் பைசா. சொந்த வீடுள்ள ஒவ்வொருவரும் நூலகத்துக்குப் பணம் கட்டியே வருகிறோம். கட்டிய பணத்துக்குப் பொருளை வாங்காமல் வரும் வியாபாரிகள் நம்மைத் தவிர வேறு எவரும் இருக்க முடியாது.

அன்று இஷாவுக்குப் பின் அந்தச் சகோதரரின் வீட்டுக்குச் சென்றேன். நான் கூறியது தவறு, உங்கள் மகளை அனுப்புங்கள் என்று சுற்றி வளைக்காமல் கூறினேன். ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்பித்தவர் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்ற பெண்மணி என்பது அபூதாவூதில் பதிவாகியிருப்பதையும் எடுத்துக் கூறினேன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “அன்று ஓதியது குர்ஆன் வசனம்தானே ஹஜ்ரத்? அது அன்று சரியென்றால் இன்று எப்படித் தவறாகும்?” என்றார்.

“வசனம் சரி. அதை வைத்து நான் சொன்னதுதான் தவறு. ஷாஃபிஈ இமாம் அவர்களே இராக்கில் கூறிய பல தீர்ப்புகளை எகிப்துக்கு வந்த பின் மாற்றிக்கொண்டார்கள். நான் எம்மாத்திரம்?”

“அப்படியானால் இதையும் பயானில் சொல்வீர்களா? அன்று கேட்டது நான் ஒருவன் மட்டும் இல்லையே.”

இதற்கு நான் ஆயத்தமாக வரவில்லை. ஒருவரிடம் தனியே சொல்வது எளிது. கூட்டத்தின் முன் சொல்வது வேறு. சொல்கிறேன் என்றேன். அடுத்த வாரம், அதே இடத்தில், இஷாவுக்குப் பின் கூறினேன். நான்கைந்து வாக்கியங்கள்தாம். நா வறண்டது. முடிந்ததும் ஜமாஅத்தின் பெரியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, உலமாக்கள் இப்படிப் பேசினால் மக்களிடம் மதிப்பு இருக்காது என்று கடிந்துகொண்டார். அவர் கூறியதில் உண்மை இல்லாமல் இல்லை. இரண்டு வாரங்களாகச் சிலர் என்னிடம் பேசும் முறை மாறித்தான் இருக்கிறது. இளைஞர் ஒருவர், “இன்னும் எவையெல்லாம் மாறும் ஹஜ்ரத்?” என்று பள்ளிவாசல் படியில் வைத்துக் கேட்டார். கேலியா, கேள்வியா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டும் கலந்ததாகவே இருக்கலாம்.

மீன் வியாபாரியான அந்தச் சகோதரர் மட்டும் அன்று இரவு என் கையைப் பற்றிக்கொண்டார். “ஞாயிற்றுக்கிழமை நானே கூட்டிப் போகிறேன் ஹஜ்ரத். ஆனால் ஒன்று. எனக்கு எழுத்துத் தெரியாது. அவள் படித்துக்கொண்டிருக்கும்போது நான் அங்கே எங்கே உட்காருவது? யாராவது ஏதாவது கேட்டால்?” என்றார். இரண்டு ஆண்டுகளாக என் பயானுக்குப் பின்னால் அவர் மறைத்து வைத்திருந்தது இதைத்தானோ என்று தோன்றியது. நாற்காலிகள் நிறைய உள்ளன, யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், என்னையே கேட்கவில்லை என்றேன்.

திங்கட்கிழமை மாலை அவள் மக்தபுக்கு முதல் ஆளாக வந்துவிட்டாள். என்ன படித்தாய் என்று கேட்டேன். விண்மீன்களைப் பற்றி ஒரு புத்தகம், கதைப் புத்தகங்கள் இரண்டு என்றாள்.

“அத்தா என்ன செய்தார்?”

“முதலில் படிக்கட்டுப் பக்கமே நின்றுகொண்டிருந்தார் ஹஜ்ரத். அப்புறம் நான் கடல் பற்றிய படப் புத்தகம் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி எல்லா மீனுக்கும் பேர் சொன்னார். பாறை, ஊளி, வஞ்சிரம்... பக்கத்தில் இருந்த பையன்கள் எல்லாம் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். ஒரு மீனுக்கு மட்டும் புத்தகத்தில் தப்பாகப் பேர் போட்டிருக்கிறார்களாம். அதை யாரிடம் சொல்ல வேண்டும் என்று அத்தா உங்களிடம் கேட்டு வரச் சொன்னார்.”

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். பிறகு அவள் முஸ்ஹஃபை விரித்து அன்றைய பாடத்தைத் தொடங்கினாள்.