பாட்டு ஒல்லியாயிடுச்சே, தம்பி!

எங்கள் குழு வாசித்த கல்யாண விருந்துகளின் காணொளிகள் முகநூலில் நிறையக் கிடக்கின்றன. பாடகி தெரிவார். கீபோர்டு அண்ணன் தெரிவார். டோலக் தம்பி தலையை ஆட்டி ஆட்டி வாசிப்பது தெரியும். பின்வரிசையில், டிரம்ஸுக்குப் பக்கத்தில், நீளமான கழுத்து வைத்த கிட்டாரோடு ஒருவன் நிற்பான். அது நான்தான். நான் வாசிப்பது மட்டும் அந்தக் காணொளியில் கேட்காது.

புலம்புவதற்காகச் சொல்லவில்லை. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியை விரல் வைத்து அழுத்தாமல் அப்படியே மீட்டினால், அது நொடிக்கு 41 முறை அதிர்கிறது. கைப்பேசியில் இருக்கும் நகம் அளவு ஒலிபெருக்கியால் அவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தள்ள முடியாது. கூடவே வரும் மேல் அதிர்வுகளை வைத்துக்கொண்டு நம் காது கொஞ்சம் ஊகித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதனால் என் உறவினர்களில் பாதிப் பேர் நான் மேடையில் சும்மா நின்று பாவனை செய்கிறேன் என்றே இன்னும் நம்புகிறார்கள்.

பகலில் எனக்கு ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை. வீடு ஜாசினில். சனி, ஞாயிறு இரவுகளில் மெர்லிமாவ், பெம்பான், ஆசாஹான் என்று எங்காவது ஒரு மண்டபத்தில் வாசிப்பேன். சில வாரங்களில் மாநில எல்லையைத் தாண்டி தங்காக், மூவார், சிகாமட் வரை போவதுண்டு. பதினாறு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. இதை வைத்துப் பிழைக்கவில்லை, விட்டுவிடவும் முடியவில்லை.

பேஸ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சாதாரணக் கிட்டாரில் ஆறு கம்பி, இதில் நான்கு. அந்த ஆறில் தடித்த நான்கு கம்பிகளின் அதே சுரங்கள்தான் இதிலும். ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். அந்தக் காலத்தில் இந்த வேலையை ஆள் உயரத்தையும் தாண்டிய டபுள் பேஸ்தான் செய்தது. 1951-இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் தன் பிரெசிஷன் பேஸைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு, தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறும் கருவியாக அது மாறிவிட்டது. தோளில் மாட்டலாம் என்றாலும் கனம் கனம்தான். “நாலு கம்பிக்கு இவ்வளவு வெயிட்டாடா?” என்று அம்மா முதல் நாளே கேட்டார்.

தோட்டத்துக் காதுக்குத் தாழ்ந்த ஒலி புதிதில்லை. நான் பிறந்தது ஜாசினுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்து வீட்டில். திருவிழாவில் உறுமி வரும்போது, வளைந்த குச்சி தோலைத் தேய்க்கும் அந்த முனகலை வயிற்றில்தான் முதலில் உணர்வோம். தவிலில் தொப்பிப் பக்கம் அடி விழும்போதும் அப்படித்தான். தீபாவளிக்குத் திடலில் கலைநிகழ்ச்சி நடக்கும். லோரி மேல் மேடை, இரண்டு ஹார்ன் ஒலிபெருக்கி. ஹார்னில் பேஸ் என்பதே வராது; ஆனாலும் தோட்டத்து அண்ணன்மார்கள் யாரோ ஒருவரிடம் இரவல் பேஸ் வாங்கி வந்து வாசிப்பார்கள். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள், குடும்பங்கள் தாமான்களுக்கு இறங்கின, அந்தத் திடல் நிகழ்ச்சிகளும் நின்றுபோயின. அண்ணன்மார்களில் ஒருவர்தான் எனக்குப் பேஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். இப்போது அவர் லோரி ஓட்டுகிறார்.

அவர் கொடுத்த முதல் பாடம் வாசிப்பதைப் பற்றியதே இல்லை. ‘பயணங்கள் முடிவதில்லை’ ஒலிநாடாவைப் போட்டு, “இளைய நிலா பாட்டுல கிட்டார விட்டுடு. கீழ ஒருத்தன் நடந்து போறான் பாரு, அவன் பின்னாடியே போ” என்றார். 1982-இல் வந்த படம். அதுவரை ஆயிரம் முறை வானொலி ஆறில் கேட்ட பாட்டு. அன்றைக்குத்தான் அதற்குள் இன்னொரு பாட்டு இருப்பது தெரிந்தது. மேலே கிட்டார் கொஞ்சிக்கொண்டிருக்க, கீழே பேஸ் தன் போக்கில் ஒரு மெட்டை இழுத்துக்கொண்டு போகிறது.

இளையராஜாவைப் பற்றி எழுதாத தமிழர் இல்லை. நான் பேஸ்காரனாக ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அவர் ஒவ்வொரு கருவிக்கும் உரியதைத் தாளில் எழுதிக்கொடுப்பவர். பேஸுக்கும் எழுதினார். சுருதிக்கு அடிக்கோடு போடும் வேலையை மட்டும் கொடுத்து அதை மூலையில் உட்கார வைக்கவில்லை. அவர் எழுதியதைப் பல பாடல்களில் வாசித்தவர் சசிதரன். தமிழ் ரசிகர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? ரஹ்மான் பாடல்களில் வாசித்த கீத் பீட்டர்ஸைக் கேட்டாலும் இதே கதைதான். அமெரிக்காவில் ஜேம்ஸ் ஜேமர்சன் என்றொருவர் 1960-களில் மோட்டவுன் நிறுவனத்தின் எத்தனையோ வெற்றிப் பாடல்களுக்கு வாசித்தார். இசைத்தட்டு உறைகளில் அவர் பெயரே இருக்காது. 1971-இல் மார்வின் கேயின் ஆல்பம் ஒன்றில்தான் வாத்தியக்காரர்களின் பெயர்களை ஒழுங்காகப் போட்டார்கள். எங்கள் சாதிக்கு உலகம் முழுக்க இதுதான் ஜாதகம்.

பெயர் இல்லாவிட்டாலும் வேலை உண்டு. பேஸ்காரர்களுக்கு எப்போதும் பஞ்சம். கிட்டார் வாசிக்கும் பையன்கள் தாமானுக்கு நான்கு பேர் இருப்பார்கள். பேஸ் என்று கேட்டால் மலாக்கா முழுவதும் தொலைபேசி சுற்ற வேண்டும். அதனால் மலாய்க்கார நண்பர்களின் குழுவும் என்னைக் கூப்பிடும். கம்பத்துக் கல்யாணங்களில் ராக் பாட்டு கேட்பார்கள், அப்புறம் தவறாமல் அலிகேட்ஸ் கேட்பார்கள். பினாங்கு சகோதரர்கள் டேவிட் ஆறுமுகமும் லோகா ஆறுமுகமும் பாடிப் பேர்பெற்ற குழு அது. லோகா 2007-இல் காலமாகிவிட்டார். பாட்டு மட்டும் இன்னும் எல்லா கெண்டூரியிலும் உட்கார்ந்திருக்கிறது. தமிழர் பாடிய மலாய்ப் பாட்டுக்குக் கம்பத்து மாக்சிக்கள் ஆட, பின்னால் ஜாசின் தமிழன் ஒருவன் பேஸ் வாசிப்பதில் எனக்கு ஒரு தனி சுகம். சாப்பாடும் நன்றாக இருக்கும்.

வீட்டு நிலவரத்தையும் சொல்லிவிட வேண்டும். பேஸ் கம்பி விலை அதிகம். அழுக்கும் வியர்வையும் ஏறினால் ஒலி மங்கிவிடும். புதிது வாங்க மனமில்லாத எங்களைப் போன்றவர்கள் கம்பியைக் கழற்றிக் கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, துடைத்து, காயவைத்து மறுபடி மாட்டுவோம். சில வாரங்களுக்குப் பளபளவென்று பேசும். முதல் முறை அடுப்பங்கரையில் இதைச் செய்தபோது அம்மா எட்டிப் பார்த்து, “மீ அவிக்கிறியா?” என்றார். சட்டியைத் திரும்பத் தரவே இல்லை. அது இப்போது கம்பிச் சட்டி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அதன் பிறகு நீண்ட காலம் கல்யாண விருந்து என்ற ஒன்றே எங்கள் நாட்குறிப்பில் இல்லை. எனக்குத் தெரிந்த இருவர் கருவிகளை விற்றுவிட்டார்கள். மண்டபங்கள் திறந்து நாங்கள் மறுபடி மேடை ஏறியபோது, மேடையில் மடிக்கணினி உட்கார்ந்திருந்தது. பாடகர் இருவர், ஒரு மடிக்கணினி, அதில் குரல் நீக்கிய இசை. பாதி விலை. பெண் வீட்டாரைக் குறை சொல்ல முடியாது. சாப்பாட்டு மேசை விலையும் ஏறிவிட்டது.

எங்கள் குழுவில் ஏழு பேர். 2,500 ரிங்கிட்டுக்குப் பேசினால், ஒலிபெருக்கி வாடகை, ஒலி பார்க்கும் ஆள், லோரி எல்லாம் போக ஆளுக்கு 200 ரிங்கிட் கிடைத்தால் அது நல்ல இரவு. அதே நிகழ்ச்சியை 1,800-க்குச் செய்து கொடுக்கிறோம் என்று மற்றவர்கள் வரும்போது எங்கே வெட்டுவது? பாடகியை வெட்ட முடியாது. டோலக்கை வெட்டினால் குத்துப்பாட்டு இல்லை.

பெம்பான் ஒட்டுக்கடையில் தே தாரிக் ஆற ஆற, கீபோர்டு அண்ணன் பேச்சை எடுத்தார்.

“தம்பி, கோவிச்சுக்காத. பேஸ் கீபோர்டுலயே வந்துருது.”

“வருதுண்ணே.”

“நீ இல்லன்னா ஒரு பங்கு மிஞ்சும். காசுக்காகச் சொல்லல, ஆர்டரே போயிருது.”

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. கீபோர்டில் பேஸ் ஒலி இருக்கிறது. இடது கையால் வாசிக்கலாம். மடிக்கணினியில் இன்னும் சுத்தமாக, ஒரு சுரம் பிசகாமல் வரும். மேடையில் அது எங்கே தடுமாறும் என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளை வாசலில் நின்று மாமாவோடு படம் எடுத்துக்கொண்டிருப்பார்; முன்னிசையை இன்னும் எட்டுச் சுற்று இழுக்க வேண்டும். யாராவது சித்தப்பா மைக்கை வாங்கி, ஒத்திகையில் இல்லாத சுருதியில் எடுத்துவிடுவார். அப்போது முதலில் அவருடைய சுரத்தைக் கண்டுபிடித்து எல்லோருக்கும் தரை போட்டுக் கொடுப்பவன் பேஸ்காரன். டிரம்ஸ் தம்பியின் வலது காலும் என் வலது கை விரலும் ஒரே நொடியில் விழுந்தால், சித்தப்பா எங்கே போனாலும் பாட்டு விழாது. மடிக்கணினிக்குச் சித்தப்பாவைத் தெரியாது.

இதையெல்லாம் நான் அண்ணனிடம் வாதாடவில்லை. அதற்கு முந்தைய மாதம் மெர்லிமாவ் விருந்தில் நடந்ததை மட்டும் நினைவுபடுத்தினேன்.

அன்று ஒன்பதரை மணி வாக்கில் என் ஆம்ப்ளிஃபயர் புகை விட்டு அணைந்துவிட்டது. பாட்டு நிற்கவில்லை. நான் கம்பியைத் தட்டிக்கொண்டே நின்றேன், ஒலி இல்லை. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் மேடைக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் அடுத்த பாட்டில் ஒவ்வொருவராக நாற்காலிக்குப் போய்விட்டார்கள். ஏன் என்று அவர்களைக் கேட்டால் தெரியாது. குடிக்க வேண்டும், கால் வலிக்கிறது என்பார்கள். மூன்றாவது பாட்டில் ஒரு தாத்தா எழுந்து நேராக என்னிடம் வந்தார். ஆசாஹான் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடம் உறுமி வாசித்தவராம்.

“என்ன தம்பி, பாட்டு ஒல்லியாயிடுச்சே?”

அண்ணன் கீபோர்டில் இடது கையை இறக்கிப் பார்த்தார். கொஞ்சம் சதை வந்தது. தாத்தா இரண்டு விநாடி கேட்டுவிட்டு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு சாப்பாட்டுப் பக்கம் நடந்தார். கடைசியில் டிரம்ஸ் தம்பி, கீபோர்டு ஆம்ப்ளிஃபயரில் காலியாக இருந்த துளையில் என் கம்பி வடத்தைச் சொருகினான். அளவோடு வைத்து வாசித்தேன். கால் மணி நேரத்தில் பிள்ளைகள் திரும்ப வந்துவிட்டார்கள்; தாத்தாவும் வந்தார், கையில் கோழி எலும்போடு.

அண்ணன் தே தாரிக்கைச் சுற்றிச் சுற்றிக் கலக்கினார். “தாத்தா காசு குடுப்பாராடா?” என்றார். நியாயமான கேள்விதான்.

அதனால் கணக்கோடுதான் போனேன். ஒலி பார்க்கும் ஆளுக்கு ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் 250 ரிங்கிட் கொடுக்கிறோம். இயந்திரம் பார்ப்பது என் தொழில். மிக்சர் எனக்குப் புதிதில்லை. டிரம்ஸ் பக்கத்தில் மிக்சரை வைத்தால் வாசித்துக்கொண்டே நானே பார்ப்பேன். என்ன சிரமம் என்றால், மேடையில் நிற்பவனுக்கு மண்டபத்தில் கேட்பது கேட்காது. தாழ்ந்த ஒலியின் அலை எட்டு மீட்டருக்கு மேல் நீளம். மண்டபத்தில் ஓரிடத்தில் இடிக்கும், நான்கு அடி தள்ளி நின்றால் காணாமல் போகும். ஆகவே விருந்தாளிகள் வருவதற்கு முன்பே நீளமான வடத்தோடு மண்டபம் முழுக்க நடந்து வாசித்துப் பார்த்துவிட வேண்டும். சரி, நடக்கிறேன் என்றேன்.

அண்ணன் ஒத்துக்கொண்டார். சின்ன விருந்துகளுக்கு, ஐந்நூறு பேருக்குக் கீழ் என்றால், நான் இல்லாமல் போவார்கள். பெரிய விருந்துகளுக்கு நானும் மிக்சரும். மடிக்கணினி புதுப் பாட்டுகளுக்கு மட்டும். எண்பதுகளின் பாட்டுக்கு அதைத் திறக்கக்கூடாது என்று ஒரு நிபந்தனையும் போட்டேன். அதற்கு அண்ணன் சிரித்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று மாதம் ஆகிறது. முன்பு மாதத்துக்கு ஆறு இரவு, இப்போது மூன்று. மனைவிக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருக்கிறது.

வரும் சனிக்கிழமை தங்காக்கில் விருந்து, அறுநூறு பேர். மாப்பிள்ளையின் அப்பா பட்டியல் அனுப்பியிருக்கிறார். பதினெட்டில் பதினொன்று எண்பதுகளின் பாட்டு. கம்பி மங்கிக்கிடக்கிறது. இன்றிரவு அம்மா தூங்கிய பிறகு அடுப்பைப் பற்றவைக்க வேண்டும்.