கோபுர முத்திரை போட்ட லேப்டாப்

பழைய பருத்திப் புடவையில் சுற்றி, அதற்கு மேல் பாலிதீன் பையும் போட்டு லேப்டாப்பைக் கொண்டுவந்திருந்தாள். நொச்சிக்குப்பத்துப் பெண். மந்தைவெளியில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வருகிறவள். அவளுடைய அக்கா பிளஸ் டூ படித்தபோது, 2013-இல், அரசு கொடுத்த லேப்டாப் அது. மூடியில் தமிழ்நாடு அரசின் கோபுர முத்திரை இன்னும் அழியவில்லை. அக்காவுக்குக் கல்யாணமாகிவிட்டது. தங்கை இப்போது பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முதலாண்டு.

"ஆன் பண்ணிட்டு கடைக்குப் போய்ட்டு வந்தாக்கூட சுத்திக்கினே இருக்கும் மிஸ்" என்றாள்.

மழை விட்டிருந்த சனிக்கிழமை. திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, கூவத்தைத் தாண்டி நடந்தோம். ரிச்சி தெரு என்று சென்னைக்காரர்கள் சொல்வது ஒரு தெருவை மட்டுமல்ல. நரசிங்கபுரம் தெருவும் மீரான் சாகிப் தெருவும் பக்கத்துச் சந்துகளும் அதில் அடக்கம். கீழே கடைகள் பளபளக்கும். வேலை நடப்பது மாடியில். ஒரு ஆள் ஏறினால் இன்னொருவர் இறங்க முடியாத படிக்கட்டு, மேலே நான்கு மேசைகள். நாங்கள் தேடிப் போனவருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். எல்லோரும் அவரை "பாய்" என்றுதான் கூப்பிட்டார்கள். டேப் ரெக்கார்டர் ரிப்பேரில் தொடங்கிய கை.

லேப்டாப்பைத் தொடுவதற்கு முன் அவளிடம்தான் பேசினார்.

"என்ன படிக்கிறம்மா? காலேஜ்ல எதுல வேலை குடுக்குறாங்க?"

"சி, பைத்தான் அங்கிள்."

"டேலி வேணுமா? போட்டோஷாப்?"

"இல்ல."

"அப்ப லினக்ஸ் போட்டுடலாம். டேலி வேணும்னு சொல்லியிருந்தா போடமாட்டேன். ரெண்டு நாள்ல திரும்பி வந்து என்னைத் திட்டுவ."

அந்தக் கேள்வியிலேயே அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. லினக்ஸை எல்லா நோய்க்கும் மருந்து என்று சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். யாருக்குப் போடக்கூடாது என்று தெரிந்தவரைப் பார்ப்பது அரிது.

ஆன் செய்து, காதை லேப்டாப்பின் இடது ஓரத்தில் வைத்துக் கேட்டார். ஹார்ட் டிஸ்க் கரகரவென்று தேடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றுகிறது. ஒரு முள் அதன்மேல் அங்குமிங்கும் நகர்ந்துதான் ஒவ்வொரு துணுக்கையும் படித்துவர வேண்டும். ப்ராசஸர் எவ்வளவு வேகமானாலும் அந்த முள்ளுக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும். இருந்த ரேமோ 2 ஜிபி. அது நிரம்பியதும் மிச்சத்தையும் கம்ப்யூட்டர் அதே டிஸ்க்கில்தான் எழுதும். பழைய லேப்டாப் நகராமல் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த இரண்டும்தான். அதன் மூளை கெட்டுப்போயிருப்பதில்லை.

கழற்றிய ஸ்க்ரூக்களை டிபன் டப்பா மூடி ஒன்றில், லேப்டாப்பில் இருந்த அதே வரிசையில் வைத்தார். நீளமானது எங்கே, குட்டையானது எங்கே என்பதில் குழம்பினால் நீள ஸ்க்ரூ போர்டையே குத்திவிடுமாம். அடிமூடி வந்ததும் சிரித்தார். "கடல் பக்கத்து வீடா?" நாங்கள் சொல்லியிருக்கவில்லை. ரேமின் தங்கநிறப் பற்கள் கறுத்து, ஓரத்தில் பச்சை படர்ந்திருந்தது. உப்புக்காற்று.

பிறகு அவர் செய்ததை நான் கண்ணெடுக்காமல் பார்த்தேன். மேசை இழுப்பறையிலிருந்து பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பர் ஒன்றை எடுத்தார். ரேமை ஓரத்தில் மட்டும் பிடித்துக்கொண்டு, பற்களின் மேல் ஒரே திசையில், அழுத்தாமல் தேய்த்தார். குறுக்கே தேய்த்தால் தங்கப்பூச்சு போய்விடும். ரப்பர்த் துகளை பிரஷால் தட்டி, ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) தொட்ட பஞ்சால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பற்கள் மின்னின. இந்த அழுத்தத்தின் அளவு எந்தக் கையேட்டிலும் இல்லை. பக்கத்து மேசைப் பையன் இரண்டு வருடமாக அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டிருக்கிறான்.

காற்றாடிக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளித் துண்டு மாதிரி படிந்திருந்தது. ப்ராசஸர் மேலிருந்த பேஸ்ட் காய்ந்த சந்தனம்போல் பொடிந்து உதிர்ந்தது. துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்தார். ப்ராசஸரையும் மாற்றிவிடலாமா என்று நான் கேட்டேன். "அது ஆசைம்மா. சூடு ஏறும், இந்த போர்டு தாங்காது. அந்தக் காசுல பாப்பா பஸ் பாஸ் எடுக்கலாம்."

ரேமுக்கு ஒரு ஸ்லாட் காலியாக இருந்தது. பழைய லேப்டாப்களிலிருந்து கழற்றியவற்றைத் தட்டு நிறைய வைத்திருந்தார். இந்த போர்டுக்கு டிடிஆர்3தான் பொருந்தும். அதற்குப் பிறகு வந்த டிடிஆர்4-இல் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் உள்ளேயே நுழையாது. டிடிஆர்3-லும் இரண்டு வகை: 1.5 வோல்ட் ஒன்று, 1.35 வோல்ட்டிலும் ஓடும் 'எல்' வகை ஒன்று. 'எல்' வகை பெரும்பாலும் இரண்டு வகை போர்டிலும் ஓடும். 1.35 வோல்ட் மட்டும் தரும் போர்டில் மற்றதைப் போட்டால் திரையே வராது. லேபிளைப் படித்து 4 ஜிபி ஒன்றை எடுத்தார். பழைய 2 ஜிபியும் இருக்கட்டும் என்றார். இரண்டின் வேகம் வேறானால் குறைந்ததன் வேகத்தில் இரண்டும் ஓடும், அவ்வளவுதான்.

டிஸ்க் இருந்த இடத்தில் 240 ஜிபி எஸ்எஸ்டி. பழையது 9.5 மில்லிமீட்டர் தடிமன், புதியது 7. அந்த இடைவெளியில் ஆடாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைத்தார். சுற்றும் தட்டும் இல்லை, முள்ளும் இல்லை.

அலமாரியில் லேப்டாப்கள் அடுக்கடுக்காக இருந்தன. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை ப்ராசஸராவது வேண்டும். நன்றாக ஓடுகிற எத்தனையோ லேப்டாப்கள் இந்த ஒரு விதியால் பழசாகிவிட்டன. எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

பாய் ஒரு பென் டிரைவைச் செருகி லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டார். 2 ஜிபி ரேம் இருந்தாலே ஓடும், 4 இருந்தால் வசதி. 64 பிட் ப்ராசஸர்தானா என்று முன்பே பார்த்துக்கொண்டார். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ஐ 32 பிட் இன்டெல் கம்ப்யூட்டர்களில் புதிதாக நிறுவ முடியாது. அந்த வயதுடையவற்றுக்கு வழி குறுகிக்கொண்டே வருகிறது.

நிறுவல் ஓடிக்கொண்டிருக்கையில் அந்தப் பெண் ஒன்று சொன்னாள். அக்கா காலத்தில் இதை ஆன் செய்தால் 'விண்டோஸா, பாஸ் லினக்ஸா' என்று கேட்குமாம். வீட்டில் ஒருவரும் இரண்டாவது வரியை ஒருமுறைகூடத் திறந்ததில்லை.

அதைக் கேட்டு எனக்கு வருத்தமாக இருந்தது. பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனத்தின் சென்னை தரமணி மையத்தில் உருவானது, 2007-இல் வெளிவந்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் மாணவர் கைக்குப் போயின. தரமணியில் செய்த மென்பொருள் நொச்சிக்குப்பம்வரை வந்தும், ஒரு வரியாகவே நின்றுவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து "இதை இப்படித் திற" என்று சொல்ல ஆள் இல்லை. அந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்தவர்கள் இந்த ஊரில் உண்டு. சென்னை லினக்ஸ் பயனர் குழுவினர் அடையாறு பக்கம் ஐ.ஐ.டி. வளாகத்தில் ஆண்டுக்கணக்காகக் கூடிச் சொல்லிக் கொடுத்தார்கள். 2012-இலிருந்து 'கணியம்' இதழ் தமிழிலேயே எழுதிவருகிறது. ஆனால் அந்த வளாகத்து வாசலைத் தாண்டி உள்ளே போகலாம் என்பதே அந்தக் குப்பத்து வீட்டுக்குத் தெரியாது. ரிச்சி தெரு தெரியும். அதனால் பாய் மாதிரி ஆட்களைத்தான் நான் இந்த மென்பொருளின் உண்மையான ஆசிரியர்கள் என்று நினைக்கிறேன்.

நிறுவி முடிந்ததும் வைஃபை வரவில்லை. அவள் முகம் சுண்டிவிட்டது. "பிராட்காம் சிப்பு, இப்படித்தான் பண்ணும்" என்று தன் போனை யுஎஸ்பி ஒயரில் செருகி, அதிலிருந்து நெட்டை எடுத்து, டிரைவரை இறக்கினார். "நாலு பட்டனு. நீயே அழுத்து." அழுத்தினாள். வந்தது. பிறகு தமிழ்99 விசைப்பலகையையும் சேர்க்கச் சொல்லி நான் கேட்டேன்.

மறுபடி ஆன் செய்து அவள் போனில் நேரம் பார்த்தாள். 22 நொடி. எஸ்எஸ்டி 1,700, ரேம் 600, கூலி 500. பேட்டரி 20 நிமிடம்தான் நிற்கும். அதை மாற்ற வேண்டாம், சார்ஜரிலேயே ஓட்டு என்றார். பழைய டிஸ்க்கைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். "அக்கா போட்டோ இருக்கும், தூக்கிப் போட்றாத."

மூன்று வாரம் கழித்து அதே புடவையில் இன்னொரு லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். எதிர்வீட்டுடையது, அதே கோபுர முத்திரை. விளக்கு எரிகிறது, திரை வரவில்லை. ரேமைக் கழற்றித் தானே ரப்பர் போட்டுத் தேய்த்திருக்கிறாள்; ஒரே திசையில்தான் மிஸ், என்றாள். இரண்டு ஸ்லாட்டிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். வரவில்லை. சனிக்கிழமை ரிச்சி தெருவுக்குப் போகிறோம்.