கொடுமணலில் தொடங்கும் கொச்சிப் பயணம்

கொச்சிக்குப் போவதென்றால் எங்கள் சென்னிமலைப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை இரவு ஈரோட்டில் ரயிலேறி விடியலில் எர்ணாகுளத்தில் இறங்குவார்கள். சீன வலையைப் பார்ப்பார்கள், படகில் ஒரு சுற்று வருவார்கள், மறுநாள் ஆலப்புழையோ மூணாறோ போவார்கள். திங்கட்கிழமை காலையில் தறிமேட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். இரண்டு நாள்தான் கையில் இருக்கிறதென்றால் அதுவே போதும். ஒரு வாரம் கிடைக்கிறவர்களுக்கு நான் சொல்வது வேறு. முதல் நாள் ரயில் நிலையத்துக்கே போக வேண்டாம். சென்னிமலைக்கு மேற்கே சுமார் 15 கிலோமீட்டரில், நொய்யலின் வடகரையில் இருக்கிற கொடுமணலுக்குப் போங்கள். இங்கிருந்து சரக்கு போன வழியிலேயே கடலுக்குப் போகலாம்.

கொடுமணலில் கோட்டை இல்லை, கோபுரம் இல்லை. மேட்டாங்காடும் வேலிமுள்ளும், நடுவே வட்டம் வட்டமாகக் கிடக்கும் கற்களும்தான். இது சிதைவா, வெறும் காடா என்று முதலில் வருகிறவருக்குச் சந்தேகம் வரும். காலைவெயில் ஏறுமுன் போய்ச் சற்றுப் பொறுமையாக நடந்தால் கண் பழகும். இந்தக் கல் தானாகக் கிடப்பதில்லை, யாரோ நட்டது. இந்த வட்டத்துக்கு நடுவே ஒரு கல்லறை இருக்கிறது. அதோ ஆளுயரத்துக்கு மேல் நிற்பது நெடுநிலைக்கல். ஊர்ப்பக்கம் இவற்றைப் பாண்டவர் குழி என்பார்கள். அகழாய்வாளர்கள் கல்வட்டம், கல்திட்டை, பதுக்கை என்று பிரித்துச் சொல்வார்கள். பெருங்கற்காலத்து ஈமக்காடு இது. மக்கள் வாழ்ந்த ஊர் இதை ஒட்டியே, ஆற்றுக்கு அருகில் மண்ணுக்குள் இருக்கிறது.

பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் கொடுமணம் என்று சொன்ன ஊர் இதுதான் என்பது ஆய்வாளர்கள் பலரின் முடிவு. அந்தப் பாடல்கள் அந்த ஊரை நல்ல அணிகலன்களோடு சேர்த்தே நினைக்கின்றன. பாட்டில் இருந்தது மண்ணிலும் இருக்கிறதா என்று பார்த்த கதை 1961இல் தொடங்குகிறது. இந்தியத் தொல்லியல் துறையைச் சேர்ந்த வி. என். சீனிவாச தேசிகன் இந்த இடத்தை அந்த ஆண்டு அடையாளம் கண்டார். பிறகு ஈரோட்டுப் புலவர் செ. இராசு இதைத் தொடர்ந்து பேசிக்கொண்டே இருந்தார். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் எ. சுப்பராயலு, கா. ராஜன் ஆகியோர் வழிநடத்த அகழ்ந்தது. பின்னர் மாநிலத் தொல்லியல் துறையும், 2012–13இல் மீண்டும் ராஜன் தலைமையில் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் தோண்டின. ஒரு தலைமுறை ஆய்வாளர்களின் உழைப்பு இந்த மேட்டில் கிடக்கிறது. அதில் கிடைத்ததைத் தெரிந்துகொண்டு இங்கே நிற்பதற்கும் தெரியாமல் நிற்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அதனால் முதல் நாளுக்கு முந்தின இரவு கொஞ்சம் படித்துவிட்டு வாருங்கள்.

ஒரே ஒரு கல்லறையில் 2,220 சூதுபவள மணிகள் கிடைத்தன. சூதுபவளம் இந்த வட்டாரத்துக் கல் அல்ல, குஜராத் பக்கத்திலிருந்து வந்தது. ஆப்கானிஸ்தானத்து நீலக்கல்லான லேபிஸ் லசூலியும் இங்கே கிடைத்திருக்கிறது. வெண்கலத்தில் வார்த்து, உடலில் கற்கள் பதித்த ஒரு புலியும் ஒரு கல்லறையிலிருந்து வந்தது. உள்ளூர்க் கல்லுக்கும் குறைவில்லை. காங்கேயத்தை அடுத்த படியூரில் பச்சைநீலமாய் மின்னும் பெரில், சிவன்மலையில் நீலம், வெங்கமேட்டிலும் அரசம்பாளையத்திலும் படிகம் என்று எல்லாம் ஒரு நாள் நடைக்குள் அடங்கும். படியூர்ச் சுரங்கத்தை ஆங்கிலேயர் காலத்தில், 1819–20 வாக்கில்கூட மறுபடி தோண்டிப் பார்த்தார்கள். ஊருக்குள் மணி அறுத்த இடத்தில் மூலக்கல்லும், அரைகுறையாகத் துளைத்த மணியும், உடைந்து கழித்துப்போட்ட சில்லும் சேர்ந்தே கிடைத்தன. வாங்கி விற்றவர்கள் மட்டும் வாழ்ந்த இடமாக இருந்தால் முழு மணி கிடைக்கும், துளைக்கும்போது உடைந்தது கிடைக்காது. இது தொழிலாளிகளின் ஊர். இரும்பு உருக்கிய உலைகளும், எஃகு செய்த மூசைகளும், சங்கு அறுத்து வளையல் செய்த தடயங்களும், நூல் நூற்ற தக்களிகளும் அதையே சொல்கின்றன. தக்களியைப் பற்றிச் சென்னிமலைக்காரரிடம் விளக்க வேண்டியதில்லை.

என்னை அதிகம் நிற்கவைப்பவை மணிகளல்ல, ஓடுகள். தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகள் ஐந்நூறுக்கு மேல் இங்கே கிடைத்திருக்கின்றன. பெரும்பாலும் ஆட்பெயர்கள், ஆதன் என்ற பெயர் அடிக்கடி வருகிறது. அரசன் வெட்டிவைத்த சாசனமல்ல. தன் சோற்றுப்பானை தன்னுடையது என்று காட்ட ஒருவர் கீறிக்கொண்ட பெயர். இந்த ஊரின் காலத்தைக் கரியமிலக் கணிப்பு கி.மு. 5ஆம் நூற்றாண்டு வரை கொண்டுபோகிறது. அவ்வளவு பழங்காலத்தில், அரண்மனை இல்லாத ஓர் ஊரில், கல் அறுக்கிற கை எழுதவும் தெரிந்திருந்தது. கொங்கு நாட்டின் வரலாற்றை இந்த ஒரு செய்தியிலிருந்துதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

திரும்பும்போது ஆற்றையும் ஒரு முறை பாருங்கள், மனம் கனத்தாலும் பாருங்கள். 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை இங்கே பக்கம்தான். பாசனத்துக்கென்று கட்டியதில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கியது. கிணறு உப்பாகி, காடு பாழாகி, விவசாயிகள் நீதிமன்றம் ஏறினார்கள். 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஈராயிரம் ஆண்டுகள் தொழிலையும் ஆற்றையும் சேர்த்தே வைத்துக்கொண்ட கரை இது என்பதை நினைக்கும்போது கோபம்தான் வருகிறது.

இரண்டாம் நாள் வழி. கொடுமணல் கொங்கப் பெருவழியில் இருந்த ஊர். கிழக்கே சேரர் தலைநகர் கரூர், அதற்கும் கிழக்கே பூம்புகார். மேற்கே நொய்யலை ஒட்டியே பேரூர், பிறகு பாலக்காட்டுக் கணவாய், அதைத் தாண்டினால் சேரர் துறைமுகமான முசிறி. இன்றும் காரில் போகிறவர்கள் ஏறக்குறைய அதே போக்கில்தான் போகிறார்கள். வழியில் கத்தாங்கண்ணி, ரோமானிய வெள்ளிக்காசுப் புதையல் கிடைத்த ஊர். கோவைக்குத் தென்கிழக்கே, நொய்யல் கரையிலேயே வெள்ளலூர். 1842இல் அங்கே ஒரு பானை நிறைய ரோமக்காசுகள் அகப்பட்டன, அதற்குப் பிறகும் பல முறை. அகஸ்டஸ், டைபீரியஸ் முகம் பொறித்தவை. கடற்கரையிலிருந்து இவ்வளவு உள்ளே, இவ்வளவு காசு ஏன் என்று ஒருவர் கேட்டால் கொடுமணலைக் காட்டுங்கள். பேரூர்ப் பட்டீசுவரரைக் கும்பிட்டுவிட்டுக் கோவைக்கு மேற்கே போனால் குன்றடிப் பாறையில் இராசகேசரிப் பெருவழி என்ற சோழர் காலக் கல்வெட்டு இருக்கிறது. வட்டெழுத்திலும் தமிழெழுத்திலும் இரட்டையாகப் பொறித்தது. மேற்கேயிருந்து வருகிறவரும் கிழக்கேயிருந்து வருகிறவரும் படிக்கட்டும் என்று செய்த ஏற்பாடு என்றே எனக்குத் தோன்றுகிறது.

பிறகு கணவாய். மேற்குத்தொடர்ச்சி மலை முப்பது கிலோமீட்டருக்கு மேல் விலகி நிற்கிற இடம். கூடலூர் வழியோ கம்பம் வழியோ கேரளம் போனவர்களுக்குத் தெரியும், மலை ஏறாமல் போக முடியாது. இங்கே ஏற்றமே தெரியாது. பொதிமாடு, வண்டிமாடு, ரயில், லாரி எல்லாவற்றுக்கும் இந்தத் திறப்புதான் கதவு. நம் பக்கத்து வறண்ட காற்றும் அவர்கள் பக்கத்து ஈரக்காற்றும் இதற்குள்ளேதான் மோதிக்கொள்கின்றன. வாளையாறு தாண்டியதும் பச்சை கூடுவதைப் பார்க்கவாவது பகலில் போங்கள். இரவு பாலக்காட்டில் தங்கலாம்.

மூன்றாம் நாளும் நான்காம் நாளும் பெரியாற்றின் முகத்துவாரத்துக்கு. வடக்குப் பறவூருக்கும் கொடுங்கல்லூருக்கும் இடையில் பட்டணம் என்றொரு ஊர் இருக்கிறது. தென்னந்தோப்பும் ஓட்டுவீடுகளுமாக, பார்க்க எதுவும் இல்லாத ஊர். 2007 முதல் கேரள வரலாற்று ஆய்வுக் கழகம் பி. ஜே. செரியன் தலைமையில் அங்கே தோண்டியது. செங்கல்லால் கட்டிய படகுத்துறை, கட்டிவைக்கும் மரமுளைகள், சுமார் ஆறு மீட்டர் நீளமுள்ள ஒற்றை மரக்குடைவு ஓடம், மதுவும் எண்ணெயும் வந்த ஆம்போரா சாடிகளின் உடைசல், மிளகு, ஏராளமான மணிகள் கிடைத்தன. ஓர் ஓட்டில் அமண என்ற தமிழி எழுத்து. முசிறி இதுதானா, இல்லை அதன் ஒரு பகுதியா என்ற வாதம் முடியவில்லை. பெரிய துறைமுகம் ஒன்று இங்கே இயங்கியது என்பதில் எனக்கு ஐயமில்லை.

அந்தத் துறைமுகம் எப்படி இயங்கியது என்பதற்கு ஒரு காகிதம் சாட்சி. எகிப்தில் கிடைத்து வியன்னாவில் இருக்கும், கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாப்பிரஸ் அது. 1985இல் அச்சில் வெளிவந்தது. ஒரு பக்கத்தில் முசிறி வாணிகத்துக்கு வாங்கிய கடன் பற்றிய ஒப்பந்தம். மறுபக்கத்தில் ஹெர்மாப்போலோன் என்ற கப்பலில் வந்த சரக்கின் மதிப்பு. அதில் யானைத்தந்தமும் துணியும் இருக்கின்றன. செங்கடலின் எகிப்தியக் கரையில், இன்று குசெய்ர் அல்-கதீம் என்று அழைக்கப்படும் துறையில், கணன், சாதன் என்று தமிழி எழுத்தில் பெயர் கீறிய ஓடுகள் கிடைத்தன. பெரெனிகே என்ற இன்னொரு துறையில் ஏழு கிலோவுக்கு மேல் மிளகு ஒரே சாடியில் இருந்தது. ஆடிக்காற்றில் கப்பல் கிளம்பும். தென்மேற்குப் பருவக்காற்று தள்ள நாற்பது நாளில் இந்தக் கரை. மார்கழி, தை வாக்கில் திரும்பும். இந்த நாட்கணக்கை ரோமானியர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். ஆகவே நீங்களும் மார்கழி, தையில் போவது நல்லது. மழை விட்டிருக்கும், காயலில் படகு ஓடும்.

நான்காம் நாளில் கொடுங்கல்லூர் பகவதியையும், சுந்தரர் பாடிய திருவஞ்சைக்களத்தையும், கி.பி. 629இல் எழுந்ததாக மரபு சொல்லும் சேரமான் பள்ளிவாசலையும் பார்க்கலாம். பகவதியைக் கண்ணகி என்றே கும்பிடுகிறவர்கள் உண்டு. இவற்றுக்கு நேரம் குறைந்தாலும் சேந்தமங்கலத்துக்குக் குறைக்காதீர்கள். கொச்சி அரசர்களின் அமைச்சர்களான பாலியத்தச்சன்மாரின் மாளிகை அங்கே இருக்கிறது, பழைய யூத வழிபாட்டுக்கூடமும் இருக்கிறது. அதைவிட முக்கியமாக அது நெசவாளர் ஊர். நம் ஊர்ப் போர்வையைப் போலவே அவர்கள் வேட்டிக்கும் கைத்தறியில் பெயர் உண்டு. 2018 வெள்ளத்தில் தறிகள் சேற்றில் மூழ்கின. ஓணத்துக்கென்று நெய்து அடுக்கிய துணி கறைபட்டு விற்க முடியாமல் போனது. அந்தக் கறைத்துணியிலேயே சேக்குட்டி என்ற பொம்மை செய்து விற்றார்கள், தறி மறுபடி எழுந்தது. குழித்தறியில் உட்கார்ந்தவரோடு பேச மலையாளம் தெரியவேண்டும் என்று பயப்படாதீர்கள். பாவு, ஊடை என்று தொடங்கினால் போதும்.

முசிறி எப்படி மறைந்தது? 1341இல் பெரியாற்றில் வந்த வெள்ளம் கொடுங்கல்லூர்த் துறையை மண்ணடித்து, தெற்கே கொச்சியின் வாயைத் திறந்துவிட்டது என்பது பரவலாகச் சொல்லப்படுவது. ஒரு ஆறு திசை மாறியதில் ஒரு நகரம் போய் இன்னொரு நகரம் வந்தது. இதைத் தெரிந்துகொண்டு கொச்சியில் இறங்குகிறவருக்கு அது வெறும் அழகான கடற்கரையாகத் தெரியாது.

கொச்சிக்கு மூன்று நாள். போர்ச்சுகீசியர் 1500இல் வந்தார்கள். 1503இல் கட்டத் தொடங்கிய புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் 1524இல் இறந்த வாஸ்கோ ட காமாவைப் புதைத்தார்கள், பிறகு எலும்புகளை லிஸ்பனுக்குக் கொண்டுபோனார்கள். வெற்றுக்குழியின் கல் இன்னும் இருக்கிறது. 1663இல் டச்சுக்காரர், 1795இல் ஆங்கிலேயர். மட்டாஞ்சேரி அரண்மனையை டச்சு அரண்மனை என்பார்கள். கட்டியது போர்ச்சுகீசியர், 1555 வாக்கில். டச்சுக்காரர் புதுப்பித்தார்கள். அதன் படுக்கையறைச் சுவரில் உள்ள இராமாயண ஓவியங்களுக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். 1568இல் எழுந்த யூதக்கூடம் இரண்டு தெரு தள்ளி. ஊருக்குள் சுற்ற 2023இல் தொடங்கிய வாட்டர் மெட்ரோ போதும், தனிப்படகு தேவையில்லை. அதில் போகும்போது வில்லிங்டன் தீவைக் காண்பீர்கள். 1920களில் ராபர்ட் பிரிஸ்டோ காயலைத் தூர்வாரிய மண்ணில் எழுப்பியது. வல்லார்பாடத்துக் கன்டெய்னர் முனையமும் கண்ணில் படும். கொங்கு நாட்டுச் சரக்கு இன்றும் ஏறுகிற துறைகளில் அது ஒன்று.

நாள் குறிப்பதில் ஒரு கவனம் வேண்டும். அரண்மனை வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். யூதக்கூடம் சனிக்கிழமை திறக்காது, வெள்ளி பிற்பகலும் திறக்காது. முசிறிப் பகுதியின் அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் திங்கட்கிழமை விடுமுறை. ஆகவே வியாழக்கிழமை கொடுமணலில் தொடங்குங்கள். வெள்ளி வழியில் போகும், சனியும் ஞாயிறும் பட்டணத்துக்கும் சேந்தமங்கலத்துக்கும் சரியாக இருக்கும், திங்கள் முதல் புதன் வரை கொச்சி. நெசவாளர் வீடுகளுக்குப் போவதைச் சனிக்கிழமையே வைத்துக்கொள்ளுங்கள், ஞாயிறு தறி ஓடாது. புதன் மாலை எர்ணாகுளத்தில் ரயிலேறினால் ஐந்து மணி நேரத்தில் ஈரோடு. வாரக்கடைசி ரயில்களைவிட அன்று இடம் கிடைப்பதும் எளிது.