சைக்கிள் மேல் விழுந்த பழி

ஒரு சைக்கிளைச் சரியாக மூன்று மாத காலம் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி வைத்திருந்தோம். அது நான் வாங்கிக் கொடுத்த சைக்கிள். அதனால், கூண்டில் அதன் பக்கத்தில் நானும் நின்றுகொண்டிருந்தேன்.

என் அக்காவுக்கு ஒரே பிள்ளை. மாயவரத்தில் ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தான். 2018-ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு மற்ற மாமன்மார்கள் எல்லாம் சட்டைத் துணியோடு நிறுத்திக்கொண்டபோது, நான் மட்டும் மனசைத் தாராளமாக்கிக்கொண்டு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன். கதை எழுதுகிறவன் கையில் எப்போதாவதுதான் காசு புரளும். புரளும்போது கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்ளாவிட்டால் எப்படி?

பொங்கல் கழிந்த பத்தாம் நாள் பையன் அந்தச் சைக்கிளிலிருந்து விழுந்தான். முழங்காலில் சிராய்ப்பு. சிராய்ப்பு ஒரு வாரத்தில் ஆறிவிட்டது, வலி ஆறவில்லை.

"ராத்திரியானா காலைப் பிடிச்சுக்கிட்டு முனகறான்டா தம்பி" என்று அக்கா டெலிபோனில் சொன்னாள்.

"வளர்ற வயசு அக்கா. ஒரு வருஷத்துலே எவ்வளவு உயரம் ஆயிட்டான்! எலும்பு நீளும்போது வலிக்கத்தான் செய்யும். நல்லெண்ணெயைக் காய்ச்சித் தடவு, சரியாப் போயிடும்" என்றேன்.

என் நாவல் ஒன்றில் டாக்டர் ஒருவர் வருகிறார். அவரைப் படைத்த தகுதி ஒன்றுதான் எனக்கு வைத்தியத்தில் உண்டு. ஆனாலும் எவ்வளவு உறுதியாகச் சொன்னேன்! அக்கா நம்பினாள். படித்த தம்பி சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள்?

எண்ணெய் தடவினாள். பிறகு எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற ஒரு வைத்தியரிடம் அழைத்துப் போனாள். அவர் உருவிவிட்டு, இலைப் பற்றுப் போட்டு, கட்டுக் கட்டினார். முழங்காலுக்கு மேலே வீக்கம் தெரிந்தது. கட்டு இறுகியதால் வந்த வீக்கம் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். மாசி போயிற்று, பங்குனி போயிற்று.

சித்திரையில் நான் மாயவரம் போனேன். என்னைப் பார்த்ததும் மாடியிலிருந்து ஓடிவருகிற பையன், அன்று சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினான். இடது காலை முதலில் வைத்து, வலது காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தான். எழுபது வயதுக் கிழவர் இறங்குவதுபோல் இருந்தது. மறுநாளே எக்ஸ்ரே எடுத்தோம்.

ஊர் டாக்டர் படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "தம்பி, வெளியிலே போய்த் தண்ணி குடிச்சுட்டு வா" என்று பையனை அனுப்பினார். பிறகு என்னிடம், "சார், நாளைக்கே சென்னைக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. நடுவிலே யாரும் ஊசி குத்தியோ, சதை எடுத்தோ பார்க்க வேண்டாம். எங்கே ஆபரேஷன் பண்ணுவாங்களோ அவங்களே எடுக்கட்டும்" என்றார். அந்த ஒரு வார்த்தை எவ்வளவு பெரிய உபகாரம் என்பது பின்னால்தான் விளங்கிற்று. சோதனைக்குச் சதை எடுக்கும் இடம் தவறினால், பிறகு காலைக் காப்பாற்றுவது கஷ்டமாகிவிடுமாம்.

சென்னையில் அதற்குப் பெயர் சொன்னார்கள்: ஆஸ்டியோசர்க்கோமா. எலும்பிலேயே பிறக்கிற புற்றுநோய். அபூர்வமான நோய்தான். ஆனால் வந்தால் பெரும்பாலும் பத்து வயதுக்கும் இருபது வயதுக்கும் இடையில், பிள்ளைகள் மளமளவென்று உயருகிற பருவத்தில் வருகிறது. எலும்பு எங்கே வேகமாக வளருகிறதோ அங்கேதான் அதற்கு விருப்பம் அதிகம்: முழங்காலுக்குச் சற்று மேலே, முழங்காலுக்குச் சற்றுக் கீழே, தோளுக்குப் பக்கத்தில். வளருகிற வயதின் வலி என்று நான் சொன்னேனே, அந்த வளர்ச்சியின் நிழலிலேயே அது ஒளிந்துகொண்டிருந்தது.

டாக்டர் பேசி முடித்ததும் அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சைக்கிள்லேருந்து விழுந்ததாலயா டாக்டர்?"

மாயவரத்தில் ரெயில் ஏறியதிலிருந்து அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்லேம்மா. விழறதாலே இது வராது. அது முன்னாடியே உள்ளே இருந்திருக்கும். விழுந்ததாலே நாம காலைக் கவனிச்சோம், அவ்வளவுதான். இங்கே வர்ற அம்மாக்கள் எல்லாரும் இதைத்தான் கேட்பாங்க. ஒருத்தர் கிரிக்கெட் பந்தும்பாங்க, ஒருத்தர் மாடிப்படிம்பாங்க."

சைக்கிள் விடுதலையாயிற்று. எனக்கும் மூச்சு வந்தது. அடுத்தபடி டாக்டர் கேட்டார்: "வலி எப்போ ஆரம்பிச்சது?"

"தை மாசம்" என்றாள் அக்கா.

டாக்டர் காகிதத்தில் எழுதிக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஏதாவது சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றிற்று. சைக்கிள் செய்யாத குற்றத்துக்கு அதைத் தண்டித்தோம். எண்ணெய் தடவச் சொன்ன வாயை யாரும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த இரவுகளில் இந்த நோயைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அப்படித்தான் டெர்ரி ஃபாக்ஸ் என்ற கனடா நாட்டுப் பிள்ளை எனக்கு அறிமுகமானான். 1958-இல் பிறந்தவன். கூடைப்பந்து ஆட்டக்காரன். 1976 நவம்பரில் அவன் ஓட்டிய கார் மோதி வலது முழங்காலில் அடிபட்டது. பிறகு அங்கே வலி. ஆட்டப் பருவம் முடியட்டும் என்று பொறுத்துக்கொண்டான். 1977 மார்ச்சில் டாக்டரிடம் போனபோது, இதே நோய் என்றார்கள். முழங்காலுக்கு மேலே காலை எடுத்தார்கள். அப்போது அவனுக்கு வயது பதினெட்டு. கார் மோதியதற்கும் நோய்க்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். அவனுக்கோ கடைசி வரை அந்த எண்ணம் போகவில்லை. என் அக்காவைப்போல அவனும் ஒரு காரணம் தேடியிருக்கிறான். காரணமில்லாத துன்பத்தை மனித மனசு எளிதில் ஏற்பதில்லை போலும்!

ஆபரேஷனுக்கு முதல் நாள் இரவு, அவனுடைய பள்ளிக்கூடப் பயிற்சியாளர் ஒரு பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்தார். செயற்கைக் காலோடு நியூயார்க் மாரத்தானை ஓடி முடித்த ஒருவரைப் பற்றிய கட்டுரை அதில் இருந்தது. பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன்.

1980 ஏப்ரல் 12-ஆம் தேதி, புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டுவதற்காக, அட்லாண்டிக் கடலோரத்திலிருந்து ஒற்றைக் காலோடும் ஒரு செயற்கைக் காலோடும் அவன் ஓடத் தொடங்கினான். 143 நாட்கள், 5,373 கிலோமீட்டர். செப்டம்பர் 1-ஆம் தேதி நோய் நுரையீரலுக்குப் பரவியது தெரிந்து ஓட்டம் நின்றது. 1981 ஜூனில், இருபத்துமூன்று வயது நிரம்புமுன் காலமானான். அவனுடைய பெயரால் அந்த ஆண்டு தொடங்கிய ஓட்டம் பல நாடுகளில் இன்றும் நடக்கிறது.

அவனிடம் டாக்டர்கள் 1977-இல் சொன்னது இது: பிழைக்க நூற்றுக்கு ஐம்பது பங்கு வாய்ப்பு இருக்கிறது, இரண்டு வருஷம் முன்னால் வந்திருந்தால் பதினைந்து பங்குதான். இடையில் வந்தவை புதிய மருந்துகள். காலை எடுத்தால் மட்டும் போதாது, கண்ணுக்குத் தெரியாமல் நுரையீரலில் விதைத்துவிட்ட அணுக்களையும் மருந்தால் அழிக்க வேண்டும் என்று அந்த எழுபதுகளில்தான் தெளிவாயிற்று. இன்று, நோய் பரவுமுன் பிடித்துவிட்டால், நூற்றுக்கு அறுபதிலிருந்து எழுபது பிள்ளைகள் பிழைக்கிறார்கள்.

எங்கள் பையனின் நுரையீரல் சுத்தமாக இருந்தது. அது எங்கள் கெட்டிக்காரத்தனம் அல்ல, அதிருஷ்டம். பத்து வாரம் மருந்து. தலைமுடி போயிற்று, வாயெல்லாம் புண். பிறகு ஆபரேஷன். நோய் கண்ட எலும்பை மூட்டோடு எடுத்துவிட்டு, உலோக மூட்டு வைத்தார்கள். கால் தப்பியது. மறுபடியும் மாதக்கணக்கில் மருந்து.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பையன் இருந்தான். அவனுக்கு ஈவிங் சர்க்கோமா என்ற வேறு வகை, இடுப்பெலும்பில். காய்ச்சலும் வலியுமாக வந்ததால் ஏதோ சீழ்க்கட்டு என்று நினைத்திருந்தார்களாம். அந்தப் பையன் எங்கள் பையனிடமிருந்து கதைப் புத்தகம் ஒன்றை வாங்கிப் படித்துக்கொண்டிருந்தான். ஆடியில் ஒருநாள் புத்தகம் திரும்பி வந்தது. நடுப்பக்கத்தில் மூலை மடித்திருந்தது. அக்கா அந்த மடிப்பை நீவிவிடவில்லை, அப்படியே வைத்திருக்கிறாள்.

படிக்கிற தாய்மார்களைப் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. பிள்ளைகளுக்குக் கால் வலிப்பது சகஜம். அநேகமாக எல்லாமே சாதாரண வலிதான். வளர்ச்சி வலி என்று ஒன்று நிஜமாகவே உண்டு. அது பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளுக்கு, இரண்டு கால்களிலும், பொழுது சாய்ந்தபின் வரும். காலையில் இருந்த இடம் தெரியாது. ஆனால் ஒரே காலில், ஒரே இடத்தில், வாரக்கணக்கில் நிற்கிற வலி வேறு. தூக்கத்தைக் கலைக்கிற வலி, வீக்கம், நொண்டல் இவற்றில் ஏதாவது இருந்தால் உருவிவிடாதீர்கள். ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். படித்த தம்பி சொன்னான் என்று விட்டுவிடாதீர்கள்.

2020-ஆம் ஆண்டுப் பொங்கலுக்குப் பையன் வீடு திரும்பினான். ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் நுரையீரல் படம் எடுக்கிற நாளில் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடுவதில்லை. ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது என்று டாக்டர் உத்தரவு. வேறு என்ன செய்யலாம் என்று அவன் கேட்டானாம். நடக்கலாம், நீந்தலாம், கால் பழகியபின் சைக்கிள் ஓட்டலாம் என்றாராம்.

கொல்லையில் துருப்பிடித்துக் கிடந்த அந்தச் சைக்கிளை அவனே துடைத்துக் காற்றடித்தான். போன முறை நான் போயிருந்தபோது, "மாமா, கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வரேன்" என்று ஏறி மிதித்தான். தெருக்கோடி திரும்பும்வரை அக்கா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "காப்பி சாப்பிடறியாடா?" என்று கேட்டாள்.

தை மாதத்து டெலிபோனைப் பற்றி அவள் இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.